வருகைக்குக் காத்திருக்கும் சீஷன் தன் வேலையை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: சாத்தான்குளம் வட்டார வாசகர்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நாங்கள் முதலூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர்கள். பல தலைமுறைகளாகச் சபைக்குட்பட்டு வாழும் குடும்பம். என் அண்ணன் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறார். சில காலமாக அவர் ஒரு ஜெபக்குழுவின் கூட்டங்களுக்குப் போய்வருகிறார். கர்த்தராகிய இயேசுவின் இரண்டாம் வருகை இன்னும் ஒருசில ஆண்டுகளுக்குள் நிச்சயம் என்றும், இந்தக் கடைசி நாட்களில் உலக வேலையில் காலத்தைக் கழிப்பது விசுவாசக் குறைவு என்றும் அங்கே போதிக்கிறார்கள். அதன்படி அண்ணன் பள்ளிக்கு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். தம் பங்குக்கு வந்த வாழைத்தோட்டத்தை விற்று அந்தக் குழுவின் ஊழியத்துக்குக் கொடுக்கப்போவதாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கையின் திருமணப் பேச்சை வீட்டில் எடுத்தால், நோவாவின் நாட்களில் ஜனங்கள் பெண்கொண்டும் பெண்கொடுத்தும் இருந்தார்கள் என்ற வசனத்தைச் சொல்லி எங்கள் வாயை அடைத்துவிடுகிறார்.

வீடு கட்டியபோது அம்மாவின் நகைகளைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்தோம். அந்தக் கடனில் பாதியை அண்ணன் அடைப்பதாக ஏற்றுக்கொண்டிருந்தார். இப்போது வட்டியையும் நான்தான் கட்டுகிறேன். தூத்துக்குடியில் சரக்கு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. விடியுமுன் புறப்பட்டு இரவில் வீடு திரும்புகிறேன். "நீ லவுகீகத்தில் மூழ்கிப்போனாய், மணவாளன் வரும்போது உன் விளக்கில் எண்ணெய் இருக்காது" என்று அம்மா கேட்க அண்ணன் சொன்னார்.

வாக்குவாதத்தில் அவரை வெல்லுவதற்காக நான் இதை எழுதவில்லை. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில், கர்த்தர் உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று நானும் சபையாரோடு எழுந்து நின்று சொல்லுகிறேன். ஆனால் திங்கட்கிழமை காலையில் பேருந்துக்கு நிற்கும்போது அந்த எதிர்பார்ப்பு எனக்குள் இருப்பதாகத் தெரியவில்லை. அண்ணனிடம் அது இருக்கிறது. அவருடைய வழி சரியென்று என் மனம் ஒப்பவில்லை. என் நிலை சரியென்று சொல்லிக்கொள்ளவும் மனம் துணியவில்லை. கர்த்தர் வருவார் என்று மெய்யாகவே நம்புகிற சீஷன், கடனும் வேலையும் குடும்பமும் உள்ளவன், எப்படி வாழவேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

பதில் 1: நாசரேத் ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் பயப்படுகிற அளவுக்கு உங்கள் விளக்கு அணைந்துவிடவில்லை. அணைந்துபோனவன் இப்படிக் கேட்கமாட்டான்.

முதலாவது வேதத்தைப் பார்ப்போம். வருகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தெசலோனிக்கேயருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பதின்மூன்றாம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவார்கள். எக்காளத்தொனி, மேகங்கள், கர்த்தரை எதிர்கொள்ளுதல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதற்கு இரண்டே வசனங்களுக்கு முன்பாக, அதே அப்போஸ்தலன், அதே சபைக்கு, அமைதலுள்ளவர்களாயிருக்க நாடவும், சொந்த அலுவல்களைப் பார்க்கவும், சொந்தக் கைகளினாலே வேலை செய்யவும் வேண்டுமென்று எழுதியிருக்கிறார். புறம்பேயிருக்கிறவர்கள் முன்பாக யோக்கியமாய் நடக்கவேண்டும் என்பதே அதற்கு அவர் சொல்லும் காரணம். இவ்விரண்டையும் பவுல் ஒரே மூச்சில் எழுதினார். நாம்தான் பிரித்து வாசிக்கப் பழகிவிட்டோம். அந்தச் சபையிலேயே சிலர் வேலையை விட்டு வீண் அலுவல்காரராய்த் திரிந்தபடியால், இரண்டாம் நிருபத்தில், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவுங்கூடாது என்று கடிந்து எழுத நேர்ந்தது. ஆகையால் உங்கள் அண்ணனுடைய நிலைமை சபைக்குப் புதிதல்ல. முதல் நூற்றாண்டிலேயே அது எழுந்தது. அப்போஸ்தலன் அதற்கு மறுமொழியும் கொடுத்துவிட்டார்.

நோவாவின் நாட்களைப் பற்றிய வசனத்தையும் அடுத்த வசனத்தோடு சேர்த்தே வாசிக்கவேண்டும். பெண்கொண்டதும் கொடுத்ததும் குற்றமாக அங்கே சொல்லப்படவில்லை. ஜலப்பிரளயம் வந்து வாரிக்கொண்டுபோகுமட்டும் உணராதிருந்தார்கள் என்பதே குற்றம். நோவாவின் மூன்று குமாரருக்கும் மனைவிகள் இருந்தார்கள், அவர்களும் பேழைக்குள் பிரவேசித்தார்கள். உங்கள் தங்கையின் திருமணத்தை இந்த வசனத்தைக் காட்டித் தடுக்க யாருக்கும் நியாயமில்லை.

நிலத்தை விற்பது பற்றி ஒன்று சொல்லவேண்டும். பாபிலோன் சேனை எருசலேமை முற்றிக்கை போட்டிருந்தபோது, நகரம் விழப்போகிறது என்று முன்னறிவித்த எரேமியாவையே கர்த்தர் ஆனதோத்திலுள்ள ஒரு நிலத்தை வாங்கச் சொன்னார். அவர் பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, சாட்சிகளை வைத்து, அதை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். முடிவை எல்லாரிலும் தெளிவாகக் கண்டவர் கிரயப்பத்திரம் எழுதினார் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. காணி விற்று ஊழியத்துக்குக் கொடுப்பது பாவமென்று நான் சொல்லவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபா அப்படிச் செய்தார். ஆனால் அந்தப் பணம் அப்போஸ்தலர் பாதத்தில் வைக்கப்பட்டு, குறைவுள்ளவர்களுக்குப் பங்கிடப்பட்டது. அம்மாவின் நகை அடகில் இருக்கும்போது தோட்டத்தை விற்றுக் கூட்டம் நடத்தக் கொடுப்பதற்கு அந்த அதிகாரத்தில் ஆதாரம் கிடையாது.

யாக்கோபு தம் நிருபத்தில் வருகைக்குக் காத்திருப்பவனுக்கு ஒரு விவசாயியைத்தான் மாதிரியாகக் காட்டுகிறார். முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் அவன் நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான் என்கிறார். தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் பயிரிடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை எந்த நாளில் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் ஐப்பசி பிறக்குமுன் வரப்பை வெட்டிச் சீர்படுத்தி, மடையைத் துப்புரவாக்கி, நாற்றங்காலுக்கு விதையைக் கோட்டை கட்டி வைத்திருப்பான். மழைக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லி மண்வெட்டியைத் தூக்கி எறிந்தவனை நம் ஊரில் யாரும் விவசாயி என்று சொல்லமாட்டார்கள்.

இனி நம் நாட்டின் சரித்திரத்தில் ஒரு பகுதி. இதை இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் பாளையங்கோட்டையில் கற்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்னும் தேவ மனிதர் மூலமாக 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் ஒரு பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள், ஜெபித்தார்கள், நடந்தே போய்ச் சுவிசேஷம் சொன்னார்கள். அந்த அனல் மேற்குத்தொடர்ச்சி மலையைத் தாண்டித் திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கே யுஸ்தூஸ் யோசேப்பு என்பவர், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்து ஊழியராயிருந்தவர், கல்விமான், 1881-இல் கர்த்தர் வருவார் என்று அறிவித்தார். திரளான பேர் அதை நம்பினார்கள். அந்த ஆண்டு வந்தது, கடந்தது. அவரோடு நின்றவர்கள் யுயோமயம் என்ற தனிச் சபையாய்ப் பிரிந்து, காலப்போக்கில் சிறு கூட்டமாகச் சுருங்கினார்கள். எழுப்புதல் மெய்யானது, தேதி பொய்யானது. மெய்யான அனலோடு தொடங்கியவர்களே அந்தத் தேதியை நம்பினார்கள் என்பதால்தான் உங்கள் அண்ணனை நான் இலேசாக எண்ணிவிடவில்லை. அவருக்குள் இருக்கும் பசி உண்மையானதாகவே இருக்கலாம். அதை ஒரு கணக்குக்குள் அடைத்தவர்கள்தான் கர்த்தருக்கு உத்தரவு சொல்லவேண்டும். அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று கர்த்தரே சொல்லியிருக்க, நாள் தெரியாவிட்டாலும் ஆண்டு தெரியும் என்று சாதிப்பது அந்த வசனத்தை வைத்து விளையாடுவதாகும்.

பதில் 2: அம்பாசமுத்திரம் விசுவாசி

மேலே அண்ணாச்சி எழுதிய வசனங்கள் எல்லாம் சரியானவை. ஆனாலும் எனக்கு ஒரு பாரம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நான் உண்மையுள்ளவனாக இருக்கமாட்டேன்.

தேதி குறிக்கிறவர்கள் நம் சபைகளில் ஒரு சிறு பகுதியினரே. வருகையை அடியோடு மறந்துபோனவர்களோ ஏராளம். லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில் தண்டிக்கப்பட்ட ஊழியக்காரன் நாள் குறித்தவன் அல்ல. "என் எஜமான் வர நாள் செல்லும்" என்று இருதயத்தில் நினைத்து, வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் அடிக்கவும், புசித்துக் குடித்து வெறிக்கவும் தலைப்பட்டவன் அவன். நம்முடைய சபைத் தேர்தல்களில் சாதி பார்த்து ஓட்டுச் சேர்க்கிறோம். சபைச் சொத்துக்களுக்காகச் சகோதரன் சகோதரன்மேல் வழக்குத் தொடுத்து நீதிமன்றத்தில் நிற்கிறான். திருவிருந்தில் அவர் வருமளவும் அவருடைய மரணத்தைத் தெரிவிக்கிறோம் என்று சொல்லி அப்பத்தை வாங்கிவிட்டு, வெளியே வந்து அதே வரிசையில் நின்றவனோடு பேசாமல் போகிறோம். இந்த வாரம் கர்த்தர் வருவார் என்று நம்புகிற ஒருவனும் இப்படி நடக்கத் துணியமாட்டான். இவ்வளவையும் பார்த்து மனம் கசந்த இளைஞர்கள்தான் தேதி சொல்லுகிற கூட்டங்களைத் தேடிப் போகிறார்கள். நாம் கொடுக்காத அப்பத்தை அவர்கள் அங்கே போய்க் கேட்கிறார்கள்.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. ராஜ்யத்தின் சுவிசேஷம் சகல ஜாதிகளுக்கும் சாட்சியாகப் பிரசங்கிக்கப்படும், அப்போது முடிவு வரும் என்ற வார்த்தையைத் திருநெல்வேலியார் தங்களுக்குச் சொல்லப்பட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். மேல்நாட்டாரின் பணத்தை எதிர்பாராமல் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, மொழி தெரியாத தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலுக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். அதில் முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி, அந்தத் தோர்ணக்கலிலேயே உழைத்து 1945-இல் மரித்தார். வருகையை எதிர்பார்த்தவர்களின் வாழ்க்கையில் அந்த எதிர்பார்ப்பு ஒரு செலவாகத் தெரிந்தது. நம் வாழ்க்கையில் அது எங்கே தெரிகிறது?

தம்பியே, வேலையை விடவேண்டாம் என்பதில் நானும் உடன்படுகிறேன். ஆனால் வேலை செய்துகொண்டிருப்பதையே காத்திருத்தல் என்று எண்ணி ஆறுதல் அடைந்துவிடாதீர்கள். பெருந்திண்டியினாலும் வெறியினாலும் மட்டுமல்ல, லவுகீக கவலைகளினாலும் இருதயம் பாரமடையாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்று கர்த்தர் சொன்னார். வட்டிக் கணக்கும் பேருந்து நேரமும் அந்தக் கவலைகளில் சேர்ந்தவையே. பேருந்தில் போகும் நேரத்தில் வேதத்தைத் திறக்கிறீர்களா? நாளை அவர் வந்தால் இன்றைக்கு நான் எதைச் சரிசெய்வேன் என்று இரவில் ஒருமுறையாவது உங்களை நீங்களே கேட்கிறீர்களா? யாரிடமாவது மன்னிப்புக் கேட்கவேண்டியது பாக்கியிருக்கிறதா? அண்ணனிடம் உள்ள அனல் உங்களுக்கு வேண்டும், அவருடைய கணக்கு வேண்டாம்.

பதில் 3: மெய்ஞ்ஞானபுரம் வட்டாரச் செவிலியர்

சகோதரர்கள் இருவரும் எழுதியவை என் மனதுக்கு மிகவும் பயனுள்ளவையாக இருந்தன. நான் வேதம் போதிக்கிறவள் அல்ல. மருத்துவமனையில் வேலை செய்து, வீட்டில் படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரையும் கவனித்துக்கொள்ளுகிறவள். அந்த நிலையிலிருந்து சில காரியங்களை மட்டும் சொல்லுகிறேன்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டங்களில் பெய்த மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணிக் கரையில் ஊர் ஊராகத் தண்ணீருக்குள் நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நகர முடியாமல் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்டேன். இது கடைசிக் காலத்தின் அடையாளம் என்று சிலர் கைபேசியில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வேறு சிலர் எதுவும் பேசாமல் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அடுப்பைக் கூட்டி, ஈர விறகு பற்றாமல் புகைந்துகொண்டிருக்க, தென்னம்பாளையையும் பழைய பெஞ்சுக் கால்களையும் உடைத்துப் போட்டு, அண்டாவில் கஞ்சி காய்ச்சினார்கள். வந்தவர்கள் எந்த மதம், எந்தத் தெரு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு பாட்டி தன் வீட்டு ரேஷன் அரிசி முழுவதையும் சாக்கோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, துவையலுக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார்கள்.

வேதத்திலும் இப்படி ஒரு சம்பவம் உண்டு. அதை அதிகம்பேர் பிரசங்கிப்பதில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் பதினோராம் அதிகாரத்தில் அகபு என்னும் தீர்க்கதரிசி, உலகமெங்கும் கொடிய பஞ்சம் உண்டாகும் என்று ஆவியானவராலே அறிவித்தார். அதைக் கேட்ட அந்தியோகியாவின் சீஷர்கள் இது கடைசிக் காலத்தைக் குறிக்கும் எந்த முத்திரை, எந்த எக்காளம் என்று ஆராயவில்லை. அவரவர் தங்கள் திராணிக்குத்தக்கதாகப் பணஞ்சேகரித்து, யூதேயாவிலுள்ள சகோதரருக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். சீஷர்களுக்கு முதல்முதல் கிறிஸ்தவர்கள் என்ற பேர் வழங்கிய ஊரும் அதுவே.

எங்கள் வீட்டில் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இது என் மாமியாருக்கு அவர்களுடைய தாயார் கற்பித்தது. வாரக் கடைசியில் அதைச் சபை ஆலயத்துக்குக் கொடுத்துவிடுவோம். ஏழைப் பெண்கள் அளந்து போட்ட இந்தக் கைப்பிடி அரிசியினால் நம் சீமையில் எத்தனை ஊழியங்கள் நடந்திருக்கின்றன! அரிசியை எடுக்கும்போது "ஆண்டவரே, சீக்கிரம் வாரும்" என்று மாமியார் சொல்லுவார்கள். இப்போது கை எழும்பாததால் என்னை எடுக்கச் சொல்லி, படுத்தபடியே அதைச் சொல்லுகிறார்கள். காலை ஆறு மணிக்குக் குழம்புக்கும் குழந்தைகளின் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கும் நடுவில் அது எனக்கு ஒரு ஜெபமாகிவிட்டது. சகோதரர் கேட்ட திங்கட்கிழமைக் காலைக்கு இதைத்தான் என்னால் சொல்லமுடியும்.

உழைக்கக்கூடியவர்கள் உழைத்துக் காத்திருக்கலாம். என் மாமியாரைப் போல ஒன்றும் செய்ய முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்றும் சிலர் கேட்கக்கூடும். டோனாவூரில் 1901 முதல் கோவில்களுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த பிள்ளைகளை மீட்டு வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-இல் விழுந்து காயப்பட்டபின் 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார்கள். அவ்வளவு காலமும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார்கள், ஒவ்வொருவருக்காகவும் பேர்பேராக ஜெபித்தார்கள். தம் கல்லறையில் கல் வைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டபடியால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து, அதில் தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லை மட்டும் பொறித்தார்கள். படுக்கையும் விழித்துக் காத்திருக்கும் ஓர் இடம்தான். இதை மருத்துவமனையிலும் வீட்டிலும் நான் கண்ணாரக் காண்கிறேன்.

உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. இரண்டு பிள்ளைகளும் வருகையைப் பற்றி வாக்குவாதம் செய்யும் வீட்டில் அந்தத் தாய் என்ன பாடுபடுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அவர்களோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுங்கள்.

மறுமொழி: சாத்தான்குளம் வட்டார வாசகர்

பதில் எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலாம் தெசலோனிக்கேயர் நான்காம் அதிகாரத்தைப் பதினோராம் வசனத்திலிருந்து நேற்று இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மறுபடியும் வாசிக்கச் சொன்னார்கள். அம்பாசமுத்திரம் அண்ணாச்சி கேட்ட கேள்விகளில் மன்னிப்பைப் பற்றியது எனக்கு நேராக வந்தது. அதை நான் கர்த்தரிடத்திலும் அண்ணனிடத்திலும் வைத்துக்கொள்ளுகிறேன்.

இன்னும் ஒன்று கேட்கவேண்டும். அண்ணனிடம் எப்படிப் பேசத் தொடங்குவது? வசனத்துக்கு வசனம் என்று போனால் அவர் என்னைவிட அதிகம் அறிந்தவர். தோட்டத்துக்கு வாங்குகிறவர் முன்பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார். காலம் அதிகம் இல்லை.

பதில் 4: பாளையங்கோட்டை ஓய்வுபெற்ற குருவானவர்

மகனே, உன் கேள்வியைக் கேட்டபோது நான் திருப்பணி செய்த பல சேகரங்களில் (குருவானவர் ஒருவரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) இப்படிப்பட்ட வீடுகளில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. ஆகையால் நேராகக் காரியத்துக்கு வருகிறேன்.

அண்ணனோடு தனியாகப் பேசு. அம்மாவையும் தங்கையையும் சாட்சியாக வைத்துக்கொண்டு பேசாதே. உன் சகோதரன் குற்றஞ்செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் என்று கர்த்தர் சொன்ன ஒழுங்கு இதற்கும் பொருந்தும். வருகை எப்போது என்ற பேச்சை நீ எடுக்கவேண்டாம், அவர் எடுத்தாலும் அதில் தங்காதே. கர்த்தர் வருவார் என்பதில் உனக்கும் அவருக்கும் வேறுபாடு கிடையாது. அதை முதலாவது அவருக்குச் சொல். உன்னிடம் இல்லாத எதிர்பார்ப்பு அவரிடம் இருக்கிறது என்று இங்கே எழுதினாயே, அதையும் அவருடைய முகத்துக்கு நேராகச் சொல். அவர் அதை உன்னிடமிருந்து இதுவரை கேட்டிருக்கமாட்டார். அதன்பின்பு ஒரே கேள்வி கேள்: எஜமான் வரும்போது அம்மாவின் நகை சங்கத்தில் இருக்கலாமா? ஒருவருக்கும் கடன்படாதிருங்கள் என்று எழுதின பவுல், அதே அதிகாரத்தின் முடிவில், இரவு சென்றுபோயிற்று, பகல் சமீபமாயிற்று என்றும் எழுதினார். பகல் சமீபமாயிருக்கிறதினால்தான் கடன் தீரவேண்டும். தோட்டத்தை விற்றே தீருவேன் என்று அவர் நின்றால், விற்ற பணத்தில் முதலாவது அவர் ஏற்றுக்கொண்ட பாதிக் கடனை அடைக்கட்டும். மீதியைப் பற்றி அவருடைய மனச்சாட்சி தீர்மானிக்கட்டும். இதற்கு எந்தப் போதகனும் மறுப்புச் சொல்லமுடியாது. சொன்னால் அவன் எப்படிப்பட்டவன் என்று உன் அண்ணனே அறிந்துகொள்ளுவார்.

உண்மையாய்க் காத்திருந்தவர்கள் அவசரப்படவில்லை என்பதையும் அவருக்கு நினைவூட்டலாம். துன்புறுத்தப்பட்டு ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட விசுவாசிகளுக்காக 1799-இல் முதலூரை உண்டாக்கியவர்கள், நிலம் வாங்கிக் குடியேறினார்கள். 1830-இல் ரேனியஸ் ஐயர் தர்ம சங்கத்தை ஏற்படுத்தியதும், இப்படிப்பட்டவர்களுக்கு மனையும் வீடும் வாங்கிக் கொடுக்கவே. மிஷனெரி கால்டுவெல் ஐயர் இடையன்குடி ஆலயத்துக்கு 1847-இல் அஸ்திபாரம் போட்டார். அது பிரதிஷ்டை செய்யப்பட்டது 1880-இல். இவர்கள் எல்லாரும் விசுவாசப் பிரமாணத்தை நாம் சொல்லுகிறபடியே சொன்னவர்கள். முதலூர்ப் பக்கத்தில் பிறந்த உன் அண்ணனுக்கு அந்த ஊரின் கதையை நான் சொல்லவேண்டியதில்லை.

மற்றொன்று அவசரமானது. ராஜினாமாக் கடிதத்தைப் பள்ளி நிர்வாகம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லையானால், அதைத் திரும்பப் பெற வழியிருக்கிறது. ஏற்றுக்கொண்டு உத்தரவு வந்துவிட்டால் காரியம் கடினமாகிவிடும். நாளைக் காலையிலேயே தலைமையாசிரியரைப் பார்த்து, கடிதம் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரி. அண்ணனுக்கு மறைவாக எதையும் செய்யாதே. விசாரித்ததை அன்று மாலையே அவரிடம் சொல்லிவிடு. அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், கடிதத்தின்பேரில் முடிவெடுப்பதைச் சில வாரங்கள் தள்ளிவைக்கும்படி அவரே ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம் என்று கேட்டுப் பார். நகைக்கடனுக்குத் தவணை முடியும் தேதி எப்போது என்பதையும் சங்கத்தில் கேட்டுக்கொள். ஏலம்வரை போகாதபடி, முடியுமுன் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வழியுண்டா என்றும் விசாரி.

உங்கள் சேகர குருவானவரிடம் இதைச் சொல்லியிருக்கிறாயா? சொல்லவில்லையானால் இந்த வாரமே போ. அண்ணனைத் திட்டும்படி கேட்காமல், வீட்டுக்கு வந்து எல்லாரோடும் ஜெபிக்கும்படி மட்டும் கேள். நானும் உங்கள் வீட்டுக்காக இன்று முதல் ஜெபிக்கிறேன். தலைமையாசிரியர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுது.